பாரிடோனை யூஃபோனியம் என்று சொன்ன நாள்

பேண்டு வாத்தியம் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். யூஃபோனியத்தையும் பாரிடோனையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

கேள்வி நியாயமானது. இரண்டும் பித்தளை. இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டுதான் ஊதுகிறார்கள். இரண்டிலும் மூன்று பிஸ்டன், விரல் வைக்கிற முறையும் ஒன்று. சுருட்டிய குழாயை நீட்டி அளந்தால் நீளம்கூட ஒன்றாகத்தான் இருக்கும். வித்தியாசமெல்லாம் பருமனில். பாரிடோனில் குழாய் பிஸ்டனைத் தாண்டியும் வெகுதூரம் ஒரே அளவாக ஓடிக் கடைசியில்தான் விரியும். யூஃபோனியத்தில் பிஸ்டனைத் தாண்டியதுமே பருக்கத் தொடங்கிவிடும். அதனால் அதன் சத்தம் கனமாக இருக்கும், பாரிடோனின் சத்தம் சற்று மெலிந்து கேட்கும். வாய் வைக்கும் மவுத்பீஸும் வேறு. யூஃபோனியத்தின் தடித்த மவுத்பீஸ் பாரிடோனுக்குள் இறங்காது, பாதியிலேயே நின்றுவிடும்.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். நான் தவறியது தொழிலில் பதினைந்து வருஷம் இருந்த பிறகு. தொழில் தெரியாமல் தவறியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்தவன். அண்டாவுக்கும் குடத்துக்கும் ஒடுக்கு எடுத்த கை. ஒருமுறை ஒரு பேண்டுக்காரர் நசுங்கிய டிரம்பெட்டோடு பட்டறைக்கு வந்தார், அதைச் சரிசெய்து கொடுத்தேன். அவர் இன்னொருவரை அனுப்பினார். அப்படியே மண்ணரையில் ஓர் அறை பிடித்து வாத்தியக் கடையாகிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குத் தெற்கேயிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்குள் பேண்டு செட்டுகள் உண்டு. வாரம் முழுக்கத் தைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமையும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதுவார்கள். என் வேலையில் பாதி அவர்களுடையது.

அவற்றில் பெரிய செட்டுக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒரு கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்டவர், கண்டிப்பானவர். ஊதி முடித்ததும் எல்லா மவுத்பீஸையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுத் தன்னுடன் எடுத்துப் போய்விடுவார். தொலைந்துவிடக் கூடாதாம். அந்தச் செட்டில் யூஃபோனியம் ஊதியவர் ஞானராஜ். அப்போது முப்பது வயது இருக்கும், ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், மின் தையல் மெஷினில் தைக்கிறவர். மனைவி எஸ்தரும் அதே கம்பெனியில் மடித்து அடுக்கும் வேலையில் இருந்தார். ஞானராஜ் அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒளித்துப் பேச மாட்டார். ஒரு பயிற்சியின்போது, மாஸ்டர் சுருதி சேர்த்தது சரியில்லை என்று ஞானராஜ் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சரியில்லைதான். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தச் செட்டில் அவரால் இருக்க முடியவில்லை, விலகிவிட்டார். வாத்தியம் செட்டுக்குச் சொந்தம் என்பதால் அதை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் இறந்தார். செட்டு ஊதப் போனது. ஞானராஜும் துக்கத்துக்குப் போயிருந்தார். யூஃபோனியத்தை அன்று வேறொருவர் ஊதினார். சவப்பெட்டி தூக்கத் தோள் குறைகிறது என்று அவர் மவுத்பீஸைக் கழற்றி மாஸ்டரிடம் கொடுத்து, வாத்தியத்தை வாசலில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். கல்லறையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் நாற்காலி காலி. வண்டி, தெரு, பக்கத்து வீடுகள் எல்லாம் தேடினார்கள், துக்க வீட்டுக்குள் மட்டும் யாரும் போய்த் தேடவில்லை. இறந்தவர் வீட்டுக்காரர்கள் அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

பத்து நாள் கழித்து, ஞானராஜ் குடியிருந்த, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டிலிருந்து வாத்தியச் சத்தம் கேட்பதாக யாரோ மாஸ்டரிடம் சொன்னார்கள்.

நண்பகல் நேரம். கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய மூன்று டிரம்பெட்டுகள் மேஜையில் பிரித்துக் கிடந்தன. அவற்றை வாங்கிப் போக வந்தவர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பதினைந்து பேர் கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். முன்னால் மாஸ்டர். நடுவில் ஞானராஜ், ஒரு வாத்தியத்தை நெஞ்சோடு பிடித்தபடி.

"அண்ணாச்சி, போன வருஷம் எங்க யூஃபோனியத்துக்கு நீங்கதான ஒடுக்கு எடுத்தீங்க. இது அதுதானா, பாத்துச் சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

நான் எழுந்து வந்து பார்த்தேன். அதே உயரம். அதே போல நிக்கல் பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்தது. அடி வளைவில் ஒரு ஒட்டு இருந்தது. நானும் அந்த இடத்தில்தான் ஒட்டுப் போட்டிருந்தேன். தரையில் வைக்கும்போது இடிபடுகிற இடம் அது. இந்த வகை வாத்தியம் எதுவாக இருந்தாலும் முதலில் அங்கேதான் நசுங்கும், அங்கேதான் ஒட்டுப் போடுவார்கள். எனக்கு அது தெரியும்.

ஞானராஜ் சொன்னார்: "அண்ணாச்சி, இது பாரிடோன். எங்க மாமாவுக்குள்ளது. அவரு இறந்த பெறவு ஊர்ல சும்மா கெடந்துச்சு. செட்ட விட்டு வந்தாச்சு, ஊத ஒண்ணும் இல்லயேன்னு போய் எடுத்துட்டு வந்தேன். நீங்க ஒரு தடவ ஊதிப் பாருங்க."

"பாரிடோனாம்" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

ஊத அரை நிமிஷம் ஆகாது. மாஸ்டரின் துணிப்பை அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காணாமல் போன யூஃபோனியத்தின் மவுத்பீஸ் அதற்குள் இருந்திருக்கும். "அந்த மவுத்பீஸக் குடுங்க" என்று கேட்டு ஒருமுறை சொருகிப் பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

நான் ஏன் கேட்கவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். டிரம்பெட்டுக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், அது ஒன்று. பதினைந்து பேரும் ஒரே பதிலை எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தது இன்னொன்று. ஆனால் உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. தையல் மெஷினில் உட்காருகிற ஒருவர், என் கடையில், அத்தனை பேர் முன்னால், வாத்தியம் என்னவென்று எனக்குச் சொல்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"பாத்தா எனக்குத் தெரியாதுங்களா? இது அவங்களுதுதானுங்க" என்றேன்.

மாஸ்டர் வாத்தியத்துக்குக் கை நீட்டினார். ஞானராஜ் விடவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அவர் குனிந்து அதைக் கட்டிக்கொண்டார். இழுபறியில் வாத்தியம் மேலே எகிறி, அதன் விளிம்பு அவர் வாயில் இடித்தது. யாரும் அடிக்கவில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அது சரிதான், யாரும் அடிக்கவில்லை. மேல்வரிசை முன்பல் இரண்டு உடைந்துவிட்டன. அவர் வாயைப் பொத்திக்கொண்டு என் வாசற்படியில் உட்கார்ந்தார். விரல் வழியாக ரத்தம் வடிந்தது. நான் மேஜையிலிருந்த துடைக்கும் துணியைக் கொடுத்தேன். அது மெருகுப்பசை ஒட்டிய துணி. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அதைப் படியிலேயே வைத்துவிட்டார்.

அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. சபைக்கு அவமானம் என்றார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ளும்படி அவரிடம் கேட்டார்கள், அவர் மறுத்தார். கம்பெனியில் அவருக்கு வேலை கொடுத்த கான்ட்ராக்டரும் அதே சபை. தைக்க வரும் பீஸ் குறைவு என்று சொல்லி அவரையும் எஸ்தரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். லைன் வீட்டுக்காரரும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

போவதற்கு முன் எஸ்தர் ஒருநாள் கடைக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நெசமாவே ஒங்களுக்கு அது யூஃபோனியமாத்தான் தெரிஞ்சுதா?"

"ஆமாங்க."

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேண்டுமென்றே நான் பொய் சொல்லவில்லை என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று வந்திருக்கிறார் போல.

மூன்று வாரம் கழித்து மாஸ்டர் அந்த வாத்தியத்தைக் கொண்டுவந்தார். புதிதாக ஊதுகிறவருக்கு வசப்படவில்லையாம்.

"மவுத்பீஸ் உள்ள எறங்க மாட்டேங்கு. யாரும் அடையாளம் கண்டுபிடிச்சிரப்படாதுன்னு அவன் குழாய் வாய மாத்தி வச்சிருக்கான் போல. பழையபடி அகலப்படுத்திக் குடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி, மவுத்பீஸையும் வைத்துவிட்டுப் போனார்.

நான் சொருகினேன். பாதியில் நின்றது. மவுத்பீஸ் நுழைகிற அந்தச் சிறு குழாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். யாரும் அதைக் கழற்றி மாற்றிய தடயம் இல்லை. செய்த நாளிலிருந்து இருந்த பற்றவைப்பு. பிறகு விரலை வைத்துக் குழாயோடு ஓட்டினேன். பிஸ்டனைத் தாண்டியும் பருக்கவேயில்லை. அடி வளைவைத் திருப்பினேன். அந்த ஒட்டு வட்டமாக இருந்தது. எனக்கு வட்டமாக ஒட்டுப் போடுகிற வழக்கமே இல்லை, நீளவாக்கில்தான் போடுவேன். கடைசியாகக் கடையிலிருந்த சின்ன மவுத்பீஸ் ஒன்றை எடுத்து வைத்து ஊதினேன். மெலிந்த சத்தம் வந்தது.

என் கைக்கு எட்டிய தூரத்தில் அத்தனை சாட்சிகளும் அன்றைக்கே இருந்திருக்கின்றன.

இப்போது உங்களிடம் இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தெரிந்த பிறகும் நான் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டர் மறுநாள் வந்து கேட்டபோது, "இன்னும் பாக்கலீங்க, வேலை நெருக்கடி" என்றேன். எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது, சொன்னால் இந்தக் கடையை நம்பி யார் வாத்தியம் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலையில் பிழை வருவது எல்லோருக்கும் நடக்கும். பிழை என்று தெரிந்த பிறகு தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் தெரிந்தே செய்வது. அதற்கு அவசரம், கூட்டம் என்று காரணம் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் மாஸ்டர் கையில் இன்னொரு வாத்தியத்தோடு வந்து நின்றார். துக்க வீட்டுக்காரர்கள் ஊரிலிருந்து திரும்பி வந்து உள்ளறையைத் திறந்திருக்கிறார்கள். சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால் யூஃபோனியம் சாத்தி வைத்திருந்தது. அன்று தூறல் விழுந்ததாம். நனைந்துவிடக் கூடாது என்று யாரோ நல்ல மனசோடு உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

மாஸ்டர் அதை மேஜையில் வைத்தார். அடி வளைவில் என்னுடைய நீள ஒட்டு. மற்றது பக்கத்திலேயே கிடந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வாத்தியம் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார், ஒன்று தடியன், ஒன்று ஒல்லி.

"அப்பம் இது?" என்றார்.

"பாரிடோனுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். முகம் வெளுத்துப்போயிருந்தது. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இத வெளிய பேச வேண்டாம் அண்ணாச்சி. சபை ரெண்டு பட்டுப் போகும். நீங்களே கொண்டு போய் அவன்ட்ட குடுத்துருங்க. அதோட முடிஞ்சிரட்டும்."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சரிங்க என்றேன்.

எஸ்தரோடு வேலை பார்த்த ஒரு பெண்மணியிடம் விசாரித்தேன். கொமரலிங்கத்தில் எஸ்தரின் அக்கா இருக்கிறார், அங்கே போயிருக்கிறார்கள் என்றார். பாரிடோனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உடுமலை போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். ஞானராஜ் ஒரு தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். மண்ணில் நட்ட கடப்பாரையில் காயைக் குத்தித் திருப்பி மட்டையைப் பிரிக்கிற வேலை. என்னைப் பார்த்தார், கையை நிறுத்தவில்லை.

"தப்பு என்னுதுங்க ஞானராஜ். அது பாரிடோன்தானுங்க" என்றேன்.

மூன்று காய் உரித்த பிறகு பேசினார். பல் போன இடத்தில் காற்று கலந்து பேச்சு வந்தது. "அது எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி."

"மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேனுங்க."

"எங்கிட்டச் சொல்ல இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. மண்ணரையில யார்ட்ட சொன்னீங்க?"

துணியில் சுற்றியிருந்த வாத்தியத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"தெரிஞ்சவன்ட்ட வந்து சொல்லி என்ன செய்ய? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க." கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார்.

வீட்டில் எஸ்தர்தான் வாத்தியத்தை வாங்கிக்கொண்டார். துணியைப் பிரித்து, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார். "இனி இவரு ஊத மாட்டாரு. முன்பல்லு இல்லாம ஒதடு நிக்காதாம்லா. அவரே சொன்னாரு" என்றார். பிறகு, "மாமா வச்சிருந்தது. கெடக்கட்டும்" என்று உள்ளே கொண்டுபோனார். எனக்குச் சாப்பாடு போடட்டுமா என்று கேட்டார். வேண்டாங்க என்று கிளம்பிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கோயில் வாசலில் போய் நின்றேன். நான் அந்தச் சபை இல்லை, உள்ளே போகிற வழக்கமில்லை. ஆராதனை முடிந்து செட்டுக்காரர்கள் வெளியே வந்ததும் நிறுத்திச் சொன்னேன். நான் ஊதிப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், அது ஞானராஜின் சொந்த வாத்தியம், அவர் திருடவில்லை என்று. பின்னால் வந்தவர்களுக்குத் திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

ஒருவர் தலைகுனிந்து நின்றார். இன்னொருவர், "அதான் வாத்தியம் கெடச்சிருச்சே, பெறவு என்ன?" என்றார். வேறொருவர் கிசுகிசுப்பாக, "பயந்து போய் அவரே கொண்டு போட்டிருப்பாரு" என்றார். பூட்டிய வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோய்ப் போட முடியும் என்று கேட்டேன். ஆனாலும் கிசுகிசுத்தவர் சொன்னதைத்தான் மற்றவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மாஸ்டர் என்னைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கான்ட்ராக்டரிடமும் போய்ச் சொன்னேன். ஞானராஜ் வந்தால் வேலை தருகிறேன் என்றார். அதை எழுதி கொமரலிங்கத்துக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை, அவர்களும் வரவில்லை. அந்தச் செட்டு அதற்குப் பிறகு பழுதுவேலையைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனது.

அன்றிலிருந்து, யாராவது கும்பலாக வந்து "இது எங்களதா, சொல்லுங்க" என்று நின்றால் நான் பதில் சொன்னதில்லை. வைத்துவிட்டுப் போங்க, நாளைக்கு ஊதிப் பார்த்துச் சொல்கிறேன் என்பேன். இவனுக்குத் தொழில் தெரியாது என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அப்படிச் சொல்ல வெட்கப்படாதீர்கள். உங்கள் வாயிலிருந்து வருகிற "ஆமாங்க" வாத்தியத்தோடு நிற்பதில்லை, அதைப் பிடித்திருக்கிற ஆளின் மேலும் போய் விழுகிறது.

கடையை மூடுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அந்தச் செட்டில் புதிதாக ஊதப் பழகிய ஒருவர், அவர்கள் கோயமுத்தூர் போகிற காரணம் தெரியாமல், பிஸ்டன் சிக்குகிறது என்று யூஃபோனியம் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: "முன்னால எங்க செட்ல ஞானராஜுன்னு ஒருத்தர் இருந்தாராமுங்க. இதே மாதிரி ஒண்ணத் திருடிப்போட்டு, மாட்டிக்கிட்டதும் சாவு ஊட்ல கொண்டுபோயி ஒளிச்சு வெச்சுட்டு ஊரை உட்டே ஓடிட்டாராம்."

வேலையை நிறுத்தினேன். அவரை உட்காரச் சொல்லி முழுதையும் சொன்னேன், நான் செய்தது உட்பட. பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "அப்பிடீங்களா? எங்களுக்கு வேற மாதிரிதானுங்க சொன்னாங்க" என்று சொல்லி வாத்தியத்தை வாங்கிக்கொண்டு போனார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அதனால்தான் இதை எழுதி உங்களிடம் கொடுக்கிறேன். நீங்கள் பல ஊர்களுக்குப் போவீர்கள், பல செட்டுகளைப் பார்ப்பீர்கள். எங்காவது இந்தக் கதை வேறு மாதிரி காதில் விழுந்தால், நிறுத்திச் சொல்லுங்கள். அது பாரிடோன். ஞானராஜுடையது.